தள்ளுபடியும் உதவித்தொகையும்: அமெரிக்கத் தனியார் கல்லூரிகளின் கட்டணக் கணக்கு



இந்தச் சொற்பொழிவு ஒரு வைப்புநிதியின் வட்டியில் நடக்கிறது. ஒருவர் உழைத்துச் சேர்த்த பணம் வங்கியில் இருக்கிறது. ஆண்டுதோறும் பயன் தருகிறது. அமெரிக்கத் தனியார் கல்லூரி ஒன்று "உங்கள் மகளுக்கு ஆண்டுக்கு 22,000 டாலர் ஸ்காலர்ஷிப்" என்று எழுதும்போது, அங்கேயும் இப்படி ஒரு நிதி இருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போலப் பெருநிதி படைத்த சில இடங்களில் அது உண்மைதான். பெரும்பாலான கல்லூரிகளிலோ அந்த உதவித்தொகையின் பெரும்பகுதிக்குப் பின்னால் பணம் எதுவும் கிடையாது. கட்டணம் 40,000 என்று அச்சிடுகிறார்கள்; 18,000 வாங்கிக்கொள்கிறார்கள். மீதி, வசூலிக்காமல் விட்ட தொகை.

அந்நாட்டுக் கல்லூரி நிதி அலுவலர்களின் சங்கமான நாக்குபோ இதை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2023-24இல் முதலாண்டு மாணவர்களுக்கான சராசரித் தள்ளுபடி 56 சதவீதம். அறிவித்த கட்டணத்தில் நூறு டாலருக்கு 44 டாலர்தான் கல்லூரிக்கு வந்து சேர்கிறது. அப்படியானால் கட்டணத்தையே குறைத்துவிடலாமே? ஒஹையோவின் மஸ்கிங்கம் கல்லூரி 1996இல் 13,850 டாலரை 9,850 ஆக்கியது. அந்தத் துணிவு பலருக்கு வரவில்லை. விலை குறைந்தால் தரமும் குறைந்ததாகப் பெற்றோர் நினைப்பார்கள் என்ற அச்சம் அவர்களைத் தடுக்கிறது.

என்னை வருத்துவது, இந்தத் தள்ளுபடி யாருக்குப் போகிறது என்பதுதான். 40,000 டாலரை ஓர் ஏழை மாணவிக்கு முழுமையாக விட்டுக்கொடுத்தால் கல்லூரிக்கு வரவு இல்லை. அதையே வசதியான வீட்டுப் பிள்ளைகள் நால்வருக்குப் பத்தாயிரமாகப் பிரித்து, 'தகுதிப் பரிசு' என்று பெயரிட்டால், நால்வரிடமிருந்தும் 1,20,000 டாலர் வருகிறது. யாருக்கு எவ்வளவு குறைத்தால் சேருவார்கள் என்று கணித்துச் சொல்லவே ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. ஏழை மாணவியோ, அச்சிட்ட கட்டணத்தைப் பார்த்தவுடனேயே விண்ணப்பம் போடாமல் விலகிவிடுகிறாள்.

இதற்கு எதிரான முயற்சியும் ஒன்று நடந்தது. 1950களின் இறுதியிலிருந்து ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் எம்.ஐ.டி.யும் ஆண்டுதோறும் கூடிப் பேசின. தேவை உள்ளவருக்கு மட்டுமே உதவி, மதிப்பெண்ணைக் காட்டி ஏலம் விடுவதில்லை என்பது உடன்பாடு. இது விலைக் கூட்டுச்சதி என்று 1991இல் அமெரிக்க அரசின் நீதித்துறை வழக்குத் தொடுத்தது. எட்டும் உடனே பணிந்தன. எம்.ஐ.டி. மட்டும் போராடி, 1993இல் மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவு பெற்று, அவ்வாண்டே சமரசம் கண்டது. விண்ணப்பதாரரின் பொருளாதார நிலையைப் பாராமல் இடம் தரும் நிறுவனங்கள் உதவிக் கொள்கையில் இணைந்து செயல்படலாம் என்று 1994இல் சட்டவிலக்கு கிடைத்தது. 2022இல் அது காலாவதியானது. பணக்காரருக்குச் சலுகை காட்டிக்கொண்டே பல்கலைக்கழகங்கள் அந்த விலக்கைப் பயன்படுத்தின என்று அதே ஆண்டு மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2024 தொடக்கத்திற்குள் 10 பல்கலைக்கழகங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, மொத்தம் 28.4 கோடி டாலர் தர இசைந்தன. தொடக்கத்தில் இருந்த அந்த உடன்பாட்டின் நோக்கம் நியாயமானது என்றே நான் இன்றும் கருதுகிறேன். ஒருவரும் கண்காணிக்காத இடத்தில் நல்ல நோக்கம் நிலைக்கவில்லை.

உதவிக் கடிதங்களும் தெளிவாக இல்லை. உண்மையில் கட்டவேண்டிய தொகையை 91 சதவீதக் கல்லூரிகள் குறிப்பிடுவதில்லை அல்லது குறைத்துக் காட்டுகின்றன என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2022இல் மதிப்பிட்டது.

இங்கிருந்து பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், கடிதம் வந்ததும் கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள்: இந்தத் தொகை படிப்பு முடியும்வரை உண்டா? அடுத்த ஆண்டு கட்டணம் ஏறினால் இதுவும் ஏறுமா? எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவீர்கள்? விடுதி, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து எங்கள் கையிலிருந்து எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள்.