மாணவர் மலர் யாருக்காக?



பாடசாலை மலரைக் கையில் எடுக்கும் மாணவன் முதலில் தன் பெயரைத் தேடுகிறான். அடுத்துத் தன் நண்பனின் பெயரை. நாமோ முதற் பக்கங்களை ஆசியுரைகளாலும் வாழ்த்துச் செய்திகளாலும் நிரப்பிவிடுகிறோம். அவன் எழுதிய கவிதை, கடைசியில், விளம்பரங்களுக்கு நடுவே சிறிய எழுத்தில் கிடக்கிறது.

பதினைந்து வயதினர் விரும்பிப் படிக்கும் இதழில் மாணவரின் சிறுகதையே முதலில் வரவேண்டும். வாழ்த்துகள் ஒரு பக்கத்துள் அடங்கட்டும். கட்டுரைகள் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அட்டைப்படத்தை மாணவரே வரையட்டும். கிரிக்கெட்டும் கேலிச்சித்திரமும் குறுக்கெழுத்துப் போட்டியும் இலக்கியத்துக்குப் பகையல்ல. அவற்றுக்காக இதழைத் திறப்பவன் பக்கத்திலுள்ள கதையையும் படிப்பான்.

ஆசிரியர் எழுத்துப்பிழையைத் திருத்தலாம். மாணவனின் குரலைத் திருத்தலாகாது. நாம் செந்தமிழாக மாற்றி எழுதிய கட்டுரையைத் தன்னுடையதென்று அவனே நம்பமாட்டான். பிறகு அவன் எழுதவும் மாட்டான்.

1946இல் யாழ்ப்பாணத்தில் ‘மறுமலர்ச்சி’ சஞ்சிகையைத் தொடங்கிய வரதரும் நண்பர்களும் இளைஞர்களே. அது 1948 வரைதான் வெளிவந்தது. ஆயினும் ஈழத்து இலக்கியத்தில் ஒரு காலகட்டத்துக்கே பெயர் தந்தது. அத்தகைய இளைஞர் நம் வகுப்பறைகளிலும் இருக்கக்கூடும். இதழாசிரியர் நாற்காலியை அவர்களிடம் விட்டுக்கொடுப்போம்.