பழைய வண்டியின் பிரேக் லைட்: நாமே பார்த்துச் சரிசெய்யலாம்



இன்றைக்கு நாம் பேசப் போவது பயிரைப் பற்றி அல்ல. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போகிற வண்டியைப் பற்றி. அதிலும் வண்டிக்குப் பின்னால் இருக்கிற சின்னச் சிவப்பு விளக்கைப் பற்றி. பிரேக்கை மிதித்தால் எரிய வேண்டிய விளக்கு, பழைய டிராக்டரிலும் ஜீப்பிலும் வேனிலும் பல சமயம் எரிவதில்லை. ஓட்டுகிறவர் முன்னால் பார்த்து ஓட்டுகிறார். அவருக்கு அது தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தெரிய வேண்டும்.

அதியமான்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண் கொண்ட பெங்களூரு – சேலம் நெடுஞ்சாலை நம்ம ஊரை ஒட்டிப் போகிறது. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844-ஆம் எண் சாலையும் இங்கேதான் வந்து சேருகிறது. தக்காளிக் கூடை ஏற்றிய வேனும், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டரும், வெளிமாநில லாரியும் ஒரே சாலையில் போகின்றன. தெற்கே போனால் தொப்பூர் கணவாய் இறக்கம். 2020 டிசம்பர் 12-ஆம் தேதி அங்கே ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்து முன்னால் இருந்த கார்கள் மீது மோதியதில் 4 பேர் இறந்தார்கள். அதற்குக் காரணம் பிரேக் லைட் அல்ல. ஆனால் அந்த மாதிரிச் சாலையில் பின்னால் வருகிறவருக்கு ஒவ்வொரு வினாடியும் முக்கியம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். உங்கள் பிரேக் லைட் எரிந்தால் அந்த ஒரு வினாடி அவருக்குக் கிடைக்கும், எரியாவிட்டால் போய்விடும்.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை சில்லறைக் கோளாறுகள்தான். ஒழுங்கு முறையாகத் தேடினால் வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் என்ன கோளாறு என்று பாருங்கள்

பொழுது சாய்ந்த பிறகு வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிரேக்கை மிதித்தால் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழ வேண்டும். வீட்டில் ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. சில வண்டிகளில் சாவியைத் திருப்பினால்தான் இந்த விளக்கு எரியும்; ஆகவே சாவியைத் திருப்பி வைத்தே பாருங்கள்.

இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் பியூஸ், சுவிட்ச் அல்லது முன்னாலிருந்து போகிற ஒயரில் கோளாறு. ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பல்ப், ஹோல்டர் அல்லது எர்த். பெடலை விட்ட பிறகும் எரிந்துகொண்டே இருந்தால் சுவிட்ச் சிக்கிக்கொண்டிருக்கிறது அல்லது பெடல் முழுதும் மேலே வரவில்லை. மங்கலாக எரிந்தாலோ, பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கினாலோ, பெரும்பாலும் எர்த் கோளாறு.

பல்பைக் கழற்றிப் பாருங்கள்

பழைய வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட், 21/5 வாட் பல்ப் இருக்கும். ஒரே பல்பில் இரண்டு இழைகள். 5 வாட் இழை இரவில் எரிகிற டெயில் லைட்டுக்கு. 21 வாட் இழை பிரேக்குக்கு. ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும். 'ராத்திரி லைட் எரியுதே, பல்ப் நல்லாத்தான் இருக்கு' என்று நினைப்பது இங்கேதான் ஏமாற்றிவிடும். கண்ணாடி வழியாக இரண்டு இழைகளையும் பாருங்கள். பல்பின் பக்கவாட்டில் உள்ள இரண்டு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. தப்பான பக்கமாகப் போகாமல் இருப்பதற்கே அந்த அமைப்பு. பலவந்தமாகத் திருகி மாற்றி மாட்டினால் டெயில் லைட் பளிச்சென்றும் பிரேக் லைட் மங்கலாகவும் எரியும்.

ஹோல்டருக்குள் துருவோ களிம்போ இருந்தால், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பல்பின் அடியைத் தொடுகிற பித்தளை முனை அழுந்திப் போயிருந்தால் சற்றே தூக்கிவிடுங்கள்.

ஒரு டெஸ்ட் பல்ப் செய்துகொள்ளுங்கள்

12 வோல்ட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்று, அதற்கு ஹோல்டர், இரண்டு ஒயர். ஒரு ஒயரின் முனையில் கிளிப். இவ்வளவுதான். கிளிப்பை வண்டியின் சுத்தமான இரும்பில் மாட்டுங்கள். மற்ற முனையால் பேட்டரியின் பிளஸ்ஸைத் தொட்டு, பல்ப் எரிகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு மின்சாரம் வருகிற வழியிலேயே தொடர்ந்து போங்கள். வாய்க்காலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மடையிலிருந்து பார்த்துக்கொண்டே போகிற மாதிரிதான்.

பியூஸின் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் பியூஸ் போயிற்று. அதே அளவுப் பியூஸைப் போடுங்கள். அதுவும் உடனே போனால், எங்கோ ஒயர் தோல் உரிந்து இரும்பில் படுகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் மறுபடி பியூஸ் மாற்றிப் பயனில்லை.

அடுத்து சுவிட்ச். சில வண்டிகளில் பெடலுக்கு மேலே, பெடல் அசைந்தால் வேலை செய்கிற சுவிட்ச். பழைய ஜீப் வகைகளில் பிரேக் ஆயில் குழாயிலேயே சுவிட்ச் இருக்கும். ஆயிலின் அழுத்தத்தால் வேலை செய்யும். எதுவானாலும் இரண்டு ஒயர்தான். ஒன்றில் எப்போதும் மின்சாரம் இருக்கும். மற்றதில் பெடலை மிதித்தால் மட்டும் வர வேண்டும். வரவில்லையா, இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். அந்த முனைகள் இரும்பில் பட்டுவிடக் கூடாது. பின்னால் விளக்கு எரிந்தால் குறை சுவிட்சில்தான்.

ஆயில் சுவிட்சைச் சுற்றி ஈரமாக இருந்தால் அது விளக்குக் கோளாறோடு நிற்காது. பிரேக் ஆயில் கசிகிறது. வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள். இந்தச் சுவிட்சை மாற்றினால் குழாயில் காற்று புகுந்துவிடும். காற்றை வெளியேற்றாமல் ஓட்டினால் பிரேக் பிடிக்காது. ஆகவே இந்த ஒரு வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

சுவிட்ச் நன்றாக இருந்தால் பின்னால் ஹோல்டருக்குப் போங்கள். பெடலை மிதிக்கச் சொல்லி அங்கே தொட்டுப் பாருங்கள். டெஸ்ட் பல்ப் எரிகிறது, வண்டியின் பல்ப் எரியவில்லை என்றால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். ஹோல்டரின் உடம்பிலிருந்து ஒரு ஒயரைச் சேஸில் சுத்தமான இடத்தில் தொடவிட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் கோளாறு பிடிபட்டது. துருவைச் சுரண்டி, புது எர்த் ஒயர் போட்டு, போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் கவனிக்க

டிராக்டரில் விளக்கு எரியும், ட்ரெய்லரில் எரியாது. ஆனால் பின்னால் வருகிறவருக்குத் தெரிவது ட்ரெய்லர்தான். இணைப்புப் பிளக்கில் சேறும் களிம்பும் ஏறியிருக்கும். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பல ட்ரெய்லர்களில் தனி எர்த் ஒயரே இருக்காது. கொக்கியின் இரும்பு வழியாகத்தான் எர்த் போகும். அங்கே துருவும் கிரீஸும் சேர்ந்ததும் விளக்கு ஒரு குழியில் எரியும், அடுத்த குழியில் அணையும். டிராக்டர் சேஸிலிருந்து ட்ரெய்லர் விளக்கு வரை தனி எர்த் ஒயர் இழுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். வைக்கோல், சோளத்தட்டு ஏற்றும்போது விளக்கை மறைக்காமல் கட்டுங்கள். சாலையில் ஓடும்போது டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் சேர்த்துப் பூட்டியே ஓட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

பியூஸ் போனால் செம்புக் கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ சுற்றாதீர்கள். பியூஸ் அறுந்து போவதற்கென்றே வைத்தது. அது அறுக்காவிட்டால் ஒயர் காய்ந்து எரியும். மேலே வைக்கோல் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

விளக்கின் சிவப்பு மூடி உடைந்தால் அப்படியே விடாதீர்கள். பின்னால் வெள்ளை வெளிச்சம் தெரிந்தால், வண்டி எதிரே வருகிறதா, முன்னே போகிறதா என்று இருட்டில் குழப்பம் வரும்.

எப்போதும் எரிகிற பிரேக் லைட்டை, 'எரியாததற்கு இது தேவலை' என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எப்போது நிறுத்துகிறீர்கள் என்றே தெரியாமல் போகும். பேட்டரியும் இறங்கிவிடும். பெடல் மேலே வராமல் எரிகிறது என்றால் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடுகிறது. டிரம் சூடேறி, இறக்கத்தில் தேவைப்படும்போது பிரேக் பிடிக்காது.

இன்னொன்று. தொப்பூர் மாதிரி இறக்கத்தில் கியரில் இறங்குவதுதான் சரி. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரைப் பணயம் வைப்பது. ஆனால் கியரால் வேகம் குறையும்போது பிரேக் லைட் எரியாது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வண்டி வந்தால் பெடலை லேசாக இரண்டு தடவை தொட்டு எடுங்கள். அதுவே அவருக்குச் சொல்கிற சேதி.

பிரேக் லைட் வேலை செய்ய வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் இருக்கிறது. ஆனால் அபராதத்துக்குப் பயந்து செய்கிற வேலை அல்ல இது. சந்தைக்குக் கிளம்புகிற அன்று டயரைத் தட்டிப் பார்க்கிறோம், டீசல் பார்க்கிறோம். அதோடு ஒரு நிமிஷம் பிரேக்கை மிதித்துப் பின்னால் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். இரண்டு பல்ப், நாலு பியூஸ், ஒரு டெஸ்ட் பல்ப், ஒரு துண்டு உப்புத்தாள் – இவை வண்டிப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.