பரீட்சையும் ராஜா படமும்

(மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு மாணவர்களுக்குப் புத்தி சொல்ல வேண்டுமென்று நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். என்ன சங்கதி என்று விசாரித்தோம். பரீட்சை நெருங்கிவிட்டதாம். பிள்ளைகள் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, சோழ ராஜா படமென்றும் பாளையக்கார ராஜா படமென்றும் கொட்டகையிலும் செல்போனிலும் பார்த்துக் கொண்டிருக்கிறார்களாம். "ஐயா, இதைக் கண்டித்து நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்பது பெற்றோர்களின் வேண்டுகோள்.

நாம் கண்டிக்கப் போவதில்லை. மாடு கூட நாள் முழுதும் ஏர் இழுத்தால் சாயங்காலம் அவிழ்த்துக் கட்டப்படுகிறது. காலையில் டியூஷன், பகலில் பள்ளிக்கூடம், மாலையில் மறுபடி டியூஷன், இரவில் மனப்பாடம் என்று ஓட்டப்படுகிற பிள்ளைக்கு இரண்டரை மணி நேரம் படம் பார்க்க உரிமையில்லை என்றால், நாம் அவனை மாட்டுக்கும் கீழாக வைத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம். ஆகவே படம் பார்ப்பது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. எப்படிப் பார்ப்பது, எப்படிப் படிப்பது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறோம். படத்தினால் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் வீணாகிறது என்று வருத்தப்படுகிற அதே பெற்றோர்கள், செங்கற்பட்டுப் பக்கம் செட்டிப்புண்ணியத்திலுள்ள ஹயக்கிரீவர் கோயிலுக்குப் பேனாவையும் ஹால் டிக்கட்டையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு போய் வருவதற்கு ஒரு முழு நாளைச் செலவு செய்கிறார்கள். அது மட்டும் வீணல்லவா? எழுதத் தெரிந்த கைக்குப் பூசை செய்யாத பேனாவும் எழுதும். எழுதத் தெரியாத கைக்கு எந்தப் பேனாவும் எழுதாது. அல்லாமலும், வந்து கும்பிட்டவனுக்கு மட்டும் மார்க்குப் போடுகிற வாத்தியார் ஒருவர் இருந்தால் நாம் என்ன செய்வோம்? நேர்மையற்றவர் என்று மனுப் போட்டு வேலையை விட்டு விலக்கச் சொல்லுவோம். வாத்தியார் செய்தால் ஊழல் என்கிறோம். சாமி செய்தால் மட்டும் அருள் என்கிறோம். இது என்ன நியாயம்?

நிற்க. பரீட்சையும் ராஜா படமும் ஒன்றுக்கொன்று விரோதிகள் என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள். நம்முடைய அபிப்பிராயம் அதுவல்ல. இரண்டும் பிள்ளையின் தலைக்கு ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. பரீட்சை, "கொடுத்ததை அப்படியே ஒப்பித்து எழுது" என்கிறது. படம், "காட்டியதை அப்படியே நம்பு" என்கிறது. கேள்வி கேள் என்று இரண்டில் எதுவும் சொல்வதில்லை.

இதற்கு உதாரணம் சொல்லுகிறோம். சோழர் காலக் குடவோலை முறை பற்றி எழுதுக என்று ஒரு கேள்வி வரும். மாணவனும், ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள் என்று எழுதுவான். அக்காலத்திலேயே ஜனநாயகம் இருந்தது என்றும் முடித்து, மார்க்கும் வாங்கிவிடுவான். ஆனால் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் என்ன சொல்லுகின்றன? அவை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. இரண்டாவது கல்வெட்டின்படி, குடத்தில் பெயர் போக வேண்டுமானால் வரி கட்டுகிற கால்வேலி நிலத்துக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேத மந்திரப் பிராமணங்கள் தெரிந்திருக்க வேண்டும். அரைக்கால்வேலி நிலக்காரன் கூட ஒரு வேதமாவது கற்றவனாக இருந்தால் இடம் உண்டு. அதாவது அது பார்ப்பனர்களின் சபை. அந்த நிலத்தை உழுதவன் பெயர் அந்தக் குடத்தின் பக்கத்திலும் போக முடியாது. பெண்கள் பெயருக்கும் இடமில்லை. இதை எந்த மாணவனாவது பரீட்சையில் எழுதினால் அவனுக்குக் கூடுதல் மார்க்குக் கிடைக்குமா? கிடைத்தால் நாம் சந்தோஷப்படுவோம்.

இனிப் படத்திற்கு வருவோம். 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்த 'பொன்னியின் செல்வன்' படத்தைப் பார்க்காத மாணவர் இங்கே குறைவாகத்தான் இருப்பார்கள். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய தொடர்கதைதான் அதற்கு மூலம். அதில் வருகிற நந்தினி என்ற பெண் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கல்கி கற்பித்த பாத்திரம். கதைக்குக் கற்பனை வேண்டியதுதான், அதில் தவறில்லை. ஆனால் கல்வெட்டில் இருப்பது என்ன என்று ஒரு மாணவன் தெரிந்துகொள்ள வேண்டாமா?

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது குறிப்பிடுகிறது. இவர்களில் 'பிரமாதிராசன்' என்ற பட்டம் பெற்ற பெரிய அதிகாரிகளும் இருந்தார்கள். பார்ப்பனர்களுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம் அது. அந்தக் கல்வெட்டு பேசுவது அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலத்தைப் பறித்து விற்றதைப் பற்றி. தலையை வாங்கியதாக அதில் பேச்சில்லை. பார்ப்பனன் எந்தப் பாவம் செய்தாலும் கொல்லக் கூடாது என்பது மனுதர்மம் எழுதி வைத்திருக்கிற சட்டம். ஒரு ராஜகுமாரனைக் கொன்ற வழக்கில் கூட அந்தச் சட்டம் குறுக்கே நின்றதா, இல்லையா? இது மாணவர்கள் ஆராய வேண்டிய கேள்வி. நந்தினியின் கண்ணழகைப் பற்றி நூறு பேர் பேசுகிறார்கள். இந்தக் கேள்வியைப் பேச ஒருவர் கூட முன்வருவதில்லை.

சரி, இன்னும் கிட்டப் போய்க் கேட்போம். கொட்டகையிலே ராஜா குதிரைமேல் வரும்போது மாணவன் விசில் அடிக்கிறான். அந்த ராஜா காலத்தில் அவன் பிறந்திருந்தால் அவன் எங்கே இருந்திருப்பான்?

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே ஒரு பெரிய கல்லூரி நடந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. மாணவர்கள் 340 பேர். ஆசிரியர்கள் 14 பேர். எல்லோருக்கும் தினப்படி நெல். அதற்கென்று நிலம் விடப்பட்டிருந்தது. சம்பளம் கட்ட வேண்டாம். சாப்பாட்டுக் கவலை வேண்டாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் பாடம் என்ன? நான்கு வேதங்கள், வடமொழி இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம். அதாவது சாஸ்திரப்படி எவனுக்குக் காதால் கேட்கவும் உரிமையில்லையோ, அவனுடைய உழைப்பில் விளைந்த நெல்லைக் கொண்டு, உரிமையுள்ளவனுக்கு இலவசப் படிப்பு. இங்கே உட்கார்ந்திருக்கிற உழவர் வீட்டுப் பிள்ளை, நெசவாளர் வீட்டுப் பிள்ளை, வண்ணார் வீட்டுப் பிள்ளை, சேரிப் பிள்ளை இவர்களில் எத்தனை பேருக்கு அந்த 340-ல் இடம் கிடைத்திருக்கும்? ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டிலேயே 'தீண்டாச்சேரி' என்ற சொல் இருக்கிறது. அந்தக் கோயிலில் பணி செய்யப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும் கல்லிலே வரிசையாக இருக்கின்றன. படத்தில் கோபுரம் தெரிகிறது, சேரி தெரிவதில்லை.

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜாவை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். செத்துப்போன ராஜாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் வேலையல்ல. அவர் கட்டிய கட்டடம் பெரிது; அவர் கப்பற்படை பெரிது; அதை மறைக்கவும் வேண்டாம். நாம் சொல்லுவதெல்லாம், இன்று உயிரோடு இருக்கிற நாம் அந்த அளவுகோலுக்குத் திரும்பி விசில் அடிக்கக் கூடாது என்பதுதான்.

தோழர்களே! இப்போது பரீட்சை என்றால் என்ன என்பது விளங்குகிறதல்லவா? எத்தனை கொடுமை இருந்தாலும், பெயரும் ஜாதியும் தெரியாமல் விடைத்தாளைத் திருத்துகிற ஓர் ஏற்பாடு, எண்ணாயிரத்தில் இருந்ததை விட மேலானதுதான். ஆனால் பரீட்சை மட்டும் கதவைத் திறந்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாகப் படித்தவன் வீட்டுப் பிள்ளையும், கைநாட்டு வைத்தவன் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து எழுதினால் அது சமமான போட்டியாகாது. அதனால்தான் நீதிக்கட்சி ஆட்சியில் 1921-ல் வகுப்புவாரி உத்தரவு பிறந்தது. 1928-ல் முத்தையா முதலியார் அமைச்சராயிருந்தபோது காரியத்தில் வந்தது. 1951-ல் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றபோது பெரியாரும் மக்களும் கிளர்ச்சி செய்தார்கள். அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டது. 1953-ல் ராஜாஜி, பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில் என்றார்; எதிர்ப்பு எழுந்தது; 1954-ல் காமராசர் முதலமைச்சரான பின் அத்திட்டம் ஒழிந்தது. இந்தக் கதைக்குக் குதிரையும் இல்லை, கத்தியும் இல்லை. ஆனால் நம் பிள்ளை கையில் பேனா வந்தது இந்தக் கதையால்தான்.

அந்தக் கதவை மறுபடி சாத்துகிற வேலையும் நடக்காமல் இல்லை. 1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2007-ல் ஒழிந்தது. 2017-ல் 'நீட்' என்ற பெயரில் மருத்துவத்துக்கு மறுபடி வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் படித்த படிப்பு ஒரு பக்கம். பணம் கட்டிப் பயிற்சி பெற்ற ஒரு நாள் பரீட்சை மறுபக்கம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உள்ளே போவது அரிதாகிவிட்டதால்தான் 2020-ல் அவர்களுக்கென்று 7.5 சதவிகிதம் தனியாக ஒதுக்கிச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. வாசலை அடைத்துவிட்டுச் சன்னலைத் திறந்த கதை இது. சன்னல் வேண்டியதுதான், வாசலையும் கேட்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 13,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக் கொண்டதாக அரசாங்கக் கணக்கு சொல்லுகிறது. எல்லாம் பரீட்சையினால் அல்ல. ஆனால் பரீட்சையினால் ஒரு பிள்ளை போனாலும் அந்தப் பரீட்சை நமக்கு எதற்கு? "மார்க்கு வராவிட்டால் மானம் போய்விடும்" என்று சொல்லாதீர்கள். மானம் என்பது ஒருவன் காலில் விழாமல் வாழ்வது. மார்க்கு என்பது மூன்று மணி நேரம் எழுதிய காகிதத்துக்கு ஒருவர் போட்ட எண்ணிக்கை. தவறினால் அடுத்த பரீட்சை உண்டு. பிள்ளைக்கு அடுத்த பிறவி கிடையாது. இதைச் சுயமரியாதைக்காரன் வீட்டிலாவது உரக்கச் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் படக்காரர்களுக்கும் சொல்லுகிறோம். சரித்திரக் கதை என்றாலே ராஜபஜனைதான் என்பதில்லை. 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்று அண்ணாதுரை எழுதிய நாடகத்தை இந்த நாடு பார்த்திருக்கிறது. கோட்டைகளைப் பிடித்த வீரனுக்கு, அவன் சூத்திரன் என்று சொல்லி முடிசூட்ட மறுத்தார்கள் என்பதும், காசியிலிருந்து காகபட்டரை வரவழைத்து 1674-ல் முடிசூட்டு நடந்தது என்பதும் அதிலே கதை. அதில் சிவாஜியாக நடித்த கணேசனுக்குப் பெரியார் 'சிவாஜி' என்று பேர் கொடுத்தார். அதே சிவாஜி கணேசன் 1973-ல் 'ராஜராஜ சோழன்' படத்தில் ராஜாவாகவும் நடித்தார். நடிகர் ஒருவரே. முன்னது ஜனங்களை யோசிக்க வைத்தது. பின்னது ஜனங்களை அண்ணாந்து பார்க்க வைத்தது. எது வேண்டுமென்று கேட்க வேண்டியவர்கள் டிக்கட்டு வாங்குகிற நாம்தான்.

மாணவத் தோழர்களே! படம் பாருங்கள்; பரீட்சையும் எழுதுங்கள். ஆனால் எந்த ராஜா திரையில் வந்தாலும், எந்த ராஜா பாடத்தில் வந்தாலும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நிலம் யாருடையது? உழுதவன் யார்? படித்தவன் யார்? படிக்க விடாமல் வெளியே நிறுத்தப்பட்டவன் யார்? இந்த நான்குக்கும் பரீட்சையில் மார்க்குக் கிடையாது. ஆனால் இவற்றைக் கேட்கப் பழகிய பிள்ளையை எந்த ராஜாவும் மயக்க முடியாது. எந்தப் பரீட்சையும் பயமுறுத்த முடியாது.