காலடியில் கிடக்கும் அருஞ்சொல்



அருஞ்சொல்லைக் கவிதையில் ஆளலாமா என்பது நம் கூட்டங்களில் ஓயாத வினா. அதற்கு விடை தேட உங்களை ஆங்கில அகராதிக்குள் அழைக்கிறேன். அங்கே 'சார்னோக்கைட்' என்றொரு சொல் உண்டு. ஆங்கிலேயரிலும் பலர் அறியாத சொல். அதன் பொருளோ நம் காலடியில் கிடக்கிறது.

கல்கத்தாவில் அடங்கிய ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லைத் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் ஆராய்ந்து, அவர் நினைவாக 1893இல் அப்பாறை வகைக்குப் பெயரிட்டார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் நிற்பது அதே பாறைதான். கல் நம்முடையது, பெயர் கல்கத்தாக்காரருடையது. பெயரிட்டவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் உற்று நோக்கினார்; நாம் 'கருங்கல்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டோம்.

நம் சொற்களும் அங்கே குடியேறியுள்ளன. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. அணைக்கட்டு 'அனிகட்' ஆயிற்று. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் 'கலிங்குலா' என்பதும் இடம்பெற்றுள்ளது. அது வேறன்று, நம் கலிங்குதான். ஏரி நிறைந்தபின் மிகைநீர் வழிந்தோடும் கற்கட்டு. நீர்ப்பாசனத்தைக் கவனித்த ஆங்கிலப் பொறியாளர், அழகுக்காக அச்சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. பொருள் கண்முன் இருந்தது; அதற்குரிய சொல் தேவைப்பட்டது.

சேலையூர், மாடம்பாக்கம் என்று ஏரிகள் சூழ்ந்த பகுதி நம்முடையது. இங்கே வளரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கலிங்கு தெரியும்? 2015 டிசம்பரில் முடிச்சூர் வெள்ளத்தில் மிதந்ததற்குச் சொல்மறதியே காரணம் என்று கூறமாட்டேன். ஆயினும், நீர் வெளியேறும் வழிக்குப் பெயர் மறந்த ஊரில், அவ்வழி தூர்ந்தாலும் கேட்பாரில்லை. பெயர் உள்ள பொருளுக்காகத்தான் வழக்காட முடியும்.

ஆகவே என் விடை இது. புலமை காட்ட வரும் அருஞ்சொல் கவிதைக்குச் சுமை. வேறு எச்சொல்லாலும் சுட்டவியலாத பொருளைச் சுட்ட வரும் அருஞ்சொல் கவிதைக்கு உயிர். 'கலிங்கு' என்று எழுதுங்கள், அடிக்குறிப்பு வேண்டா. நீர் வழியும் ஓசையை அடுத்த அடியில் வையுங்கள். பொருள் தானே விளங்கும்.

நிகண்டுகளைப் புரட்டுவோம், ஆங்கில அகராதியையும் புரட்டுவோம். அதற்கு முன், ஏரிக்கரையில் வாழ்ந்த முதியவர் ஒருவரிடம் ஒரு சொல்லேனும் கேட்டு வருவோம். பதினோராம் ஆண்டின் முதற்பணி அதுவாகட்டும்.