ஆப்பரேஷன் ஆச்சு, எனக்கெதற்குச் சோதனை?

பாலக்கரைத் தாய்மார்களே, கூட வந்திருக்கிற வீட்டுக்காரர்களே!

நம் செல்லுக்குள் 'வளர்' என்னும் மரபணுவும் உண்டு, 'போதும், நில்' என்னும் மரபணுவும் உண்டு. இரண்டும் அளவோடு வேலை செய்யணும். தாம்பத்திய உறவில் தொற்றும் பாப்பிலோமா வைரஸ் பெரும்பாலும் தானே போய்விடும். யாரையும் சந்தேகிக்க வேண்டாம், பலருக்கும் வருவதுதான். சிலருக்கு மட்டும் கருப்பைவாயில் வருஷக்கணக்காகத் தங்கும். அதன் மரபணுக்கள் இரண்டு அளவுக்கு மீறி வேலைசெய்து, 'நில்' என்கிற காவல் புரதங்களை முடக்கிவிடும். செல் கட்டுக்கடங்காமல் பெருகும். அதுதான் புற்று.

குடும்பக்கட்டுப்பாடு ஆப்பரேஷன் கருவைத்தான் தடுக்கும், இதைத் தடுக்காது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல், 30–59 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாயில் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். வெளுத்த இடத்துக்குச் சிகிச்சை தந்தார்கள். 2007-இல் வெளியான கணக்கில், சோதிக்காத ஊர்களைவிட இந்நோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு.

உறவுக்குப்பின் ரத்தம் பட்டால் நாள் கடத்தாதீர்கள். ஐயா, நீங்களே கூட்டிவாருங்கள்.