தோற்றவர் நம்ப வேண்டிய யந்திரம்



தேர்தலில் வெற்றி பெற்ற அபேட்சகர், எண்ணிக்கையில் ஏதோ பிசகு நேர்ந்திருக்கிறது, இன்னொரு முறை எண்ணுங்கள் என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தச் சந்தேகம் எப்பொழுதும் தோற்றவருக்கே உரியது. ஆகவே, காலிப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு வாக்குப்பதிவைத் தொடங்குவது, கட்சி ஏஜெண்டுகளைச் சாவடிக்குள் உட்கார வைப்பது, முத்திரையிட்ட இடத்தில் அவர்களிடம் கையொப்பம் வாங்குவது, எண்ணுகிற மேஜைக்கு எதிரே அவர்களை நிறுத்துவது ஆகிய சம்பிரதாயங்கள் யாவும், தோற்றவர் தம் தோல்வியை மனம் ஒப்பி ஏற்றுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டவை எனலாம். சீட்டும் பெட்டியும் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்து அமர்ந்தபொழுது அந்த ஏற்பாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோடிக்கணக்கான ரூபாயைப் பாங்கிகள் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்திருக்கும்போது, வாக்கை மட்டும் ஏன் ஒப்படைக்கக் கூடாது என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் பாங்கியில் உங்கள் கணக்கில் நூறு ரூபாய் குறைந்தால், பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் மானேஜர் எதிரே நின்று வாதாடலாம். பணம் உங்களுடையது என்பதும், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள் என்பதும் ஏட்டில் இருக்கின்றன. வாக்கோ, அளித்த கணத்திலேயே அளித்தவரிடமிருந்து அறுந்துபோக வேண்டியது. இன்னாருடைய வாக்கு இன்னாருக்கு விழுந்தது என்று பின்னால் எவரும் கண்டுபிடிக்க முடியாதிருப்பதுதான் இரகசிய வாக்கெடுப்பின் உயிர்நிலை. அதனால், யந்திரம் உங்கள் வாக்கை இடம் மாற்றிப் பதிவு செய்தாலும், அதைக் காட்டிப் புகார் செய்ய உங்கள் கையில் ஒன்றும் இராது. யந்திரம் தானே எழுதி வைத்த கணக்கை அந்த யந்திரத்திடமே மறுபடி கேட்டால், முன்பு சொன்னதையே அது மீண்டும் சொல்லும்.

இந்தச் சங்கடத்தை மற்ற எல்லா நாட்டாரையும்விடத் தெளிவாக அனுபவித்துப் பார்த்தவர்கள் நெதர்லாந்து மக்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஒரு காலத்தில் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்களே, அந்த ஒல்லாந்தருடைய நாடு. அங்கே 2006-ஆம் ஆண்டுவாக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், நெடாப் என்ற கம்பெனி செய்த யந்திரத்தில்தான் வாக்களித்து வந்தார்கள். அதில் காகிதம் என்பதே கிடையாது. இரவில் யந்திரம் சொல்லும் தொகையே தேர்தல் முடிவு. பல ஆண்டுகள் எவரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2006-இல் ஆம்ஸ்டர்டாம் நகரமும் காகிதத்தைக் கைவிட்டு யந்திரத்துக்கு மாறியபொழுது, அந்நகரவாசியும் கம்ப்யூட்டர் விவகாரங்களில் கைதேர்ந்தவருமான ராப் கோங்க்ரைப் என்பவர், வாக்குக் கம்ப்யூட்டர்களை நாங்கள் நம்பவில்லை என்பதையே பெயராகக் கொண்ட ஒரு சங்கத்தை நண்பர்களோடு தொடங்கினார்.

யந்திரத்தை விற்றவர்கள் தரப்பிலிருந்து அப்பொழுது ஒரு வாதம் வந்தது. இது கம்ப்யூட்டரே அல்ல, வாக்குப் பதிவுக்கென்றே செய்யப்பட்ட தனி யந்திரம். இதைச் சதுரங்கம் ஆட வைக்க முடியும் என்றால் செய்து காட்டுங்கள், பார்க்கலாம் என்றார்கள். சவால் விடுகிறவர்கள் சற்று யோசித்து விட வேண்டும். கோங்க்ரைப்பின் குழு ஒரு நகராட்சியிடமிருந்து யந்திரங்களைப் பெற்று, அவற்றில் ஒன்றினுள்ளே இருந்த நிரல் அடங்கிய சில்லுகளை மாற்றி, அதைச் சதுரங்கம் ஆடவே வைத்துவிட்டது. பிறகு அதே முறையில், ஒரு கட்சியின் வாக்குகளில் ஒரு பங்கைத் திருடி மற்றொரு கட்சிக்குச் சேர்க்கும் நிரலையும் எழுதிப் புகுத்தினார்கள். நடப்பது பரீட்சையா, உண்மையான தேர்தலா என்பதை வாக்குகள் வந்து விழும் போக்கைக் கொண்டே அந்த நிரல் அனுமானித்து, பரீட்சையாக இருந்தால் சாதுவாக நடந்துகொள்ளும். சில்லுகளை மாற்ற ஐந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. நாட்டிலிருந்த அத்தனை யந்திரங்களுக்கும் ஒரே மாதிரிச் சாவி; அதுவும் ஏறத்தாழ ஒரு யூரோவுக்கு எவரும் வாங்கக் கூடிய சாவி. 2006 அக்டோபர் 4-ஆம் தேதி இவற்றையெல்லாம் அந்நாட்டுத் தொலைக்காட்சி மக்களுக்குக் காண்பித்தது.

இவற்றைவிட விசித்திரமான இன்னொன்றும் வெளிப்பட்டது. வானொலியில் பேசுகிறவனுக்கு அதைச் சொல்லச் சற்றே கூச்சமாக இருக்கிறது. மின்சாரத்தால் இயங்கும் எந்தத் திரையும் மெல்லிய ரேடியோ அலைகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். வாக்காளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும், அவர் பெயரும் கட்சியின் பெயரும் யந்திரத்தின் சிறு திரையில் தோன்றும். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் முழுப் பெயரில் மட்டும் ஓர் எழுத்தின் தலையில் ஒரு சிறு சாய்வுக்கோடு உண்டு. அந்தக் கோட்டை எழுத வேண்டியிருந்ததால், வினாடிக்கு 72 முறை புதுப்பிக்கப்பட்டு வந்த திரை, அப்பொழுது மட்டும் 58 முறையாக வேகம் குறைந்தது. பக்கத்தில் ஒரு சாதாரண ரேடியோப் பெட்டியை வைத்துக் கேட்டால், அக்கட்சிக்கு வாக்கு விழுகிற ஒவ்வொரு முறையும் இரைச்சலின் சுருதி மாறுவது காதில் விழும். கதவை அடைத்து, திரையிட்டு, தனியே நின்று அளித்த இரகசிய வாக்கு, ஒரு சாய்வுக்கோட்டினால் ஒலிபரப்பாகிவிட்டது!

ஆம்ஸ்டர்டாம் வாங்கியிருந்தது வேறொரு கம்பெனியின் யந்திரம். அதை அரசாங்கத்தின் உளவுத் துறையே சோதித்துப் பார்த்து, பல மீட்டர் தூரத்திலிருந்தே அதன் திரையை அறியலாம் என்று கண்டது. நவம்பர் 22-ஆம் தேதி நடக்கவிருந்த பொதுத் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில் அந்த யந்திரங்களுக்கான அனுமதி நிறுத்தப்பட்டு, ஆம்ஸ்டர்டாம் மக்கள் அந்நாட்டு வழக்கப்படி சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தார்கள். 2008 மே மாதத்தில் அரசாங்கம் நாடு முழுவதற்குமே சிவப்புப் பென்சில்தான் என்று முடிவு செய்தது. அயர்லாந்து இதே நெடாப் யந்திரங்களை ஐந்து கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து வாங்கி, 2002-இல் சில தொகுதிகளில் மட்டும் பயன்படுத்திவிட்டு, கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போட்டது.

இதுவரை சொன்னதில் சூதுக்காரன் ஒருவன் தேவைப்படுகிறான். பெல்ஜியத்தில் அவனும் தேவைப்படவில்லை. 2003 மே 18-ஆம் தேதி நடந்த தேர்தலில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு, அவர் இடம்பெற்ற வேட்பாளர் பட்டியலுக்கு விழுந்திருக்கக் கூடிய வாக்குகளைவிட அதிகமான வாக்குகள் கிடைத்ததாகக் கம்ப்யூட்டர் காட்டியது. வாக்குகள் பதிந்திருந்த காந்த அட்டைகளை மறுபடி எண்ணியபொழுது, அதிகப்படியாக இருந்தவை சரியாக 4096 என்று தெரிந்தது. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருகிற எண் அது. அதாவது, பூஜ்யமும் ஒன்றுமாகவே கணக்கெழுதும் கம்ப்யூட்டரின் நினைவில் ஒரே ஓர் இலக்கம் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகப் புரண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வந்த ஒரு நுண்துகள் தாக்கியிருக்கலாம் என்பது நிபுணர்கள் சொன்ன விளக்கம். அந்த எண் சாத்தியமற்றதாக இருந்ததால் கண்ணில் பட்டது. நம்பத்தக்க அளவில் அமைந்திருந்தால் அப்படியே சட்டபூர்வமான முடிவாக நின்றிருக்கும்.

ஜெர்மனியில் தந்தையும் மகனுமாக இருவர், 2005-ஆம் ஆண்டுத் தேர்தலில் யந்திரம் பயன்பட்டதை எதிர்த்து அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றத்தை அணுகினார்கள். 2009 மார்ச் 3-ஆம் தேதி வந்த தீர்ப்பு, யந்திரம் தவறிழைத்ததாகக் கூறவில்லை. அதற்கு ஆதாரம் இல்லையாகையால் தேர்தலையும் ரத்து செய்யவில்லை. தேர்தலின் முக்கியமான கட்டங்களையும் முடிவையும் விசேஷ ஞானம் எதுவும் இல்லாத சாதாரணப் பிரஜை ஒருவர் தாமே சரிபார்க்க முடிய வேண்டும், அதற்கு இடம் தராத யந்திரத்தைப் பயன்படுத்தியது சாசனத்துக்கு மாறானது என்று மட்டும் சொல்லிற்று. என் அபிப்பிராயத்தில், இந்த விவகாரம் முழுவதிலும் இவ்வளவு தீர்க்கமாகச் சிந்தித்தவர்கள் வேறு எவரும் இல்லை. நிபுணர்கள் பரிசோதித்துச் சான்று கொடுத்துவிட்டார்கள் என்பது போதாது. நிபுணரை நம்புவது வேறு, தேர்தலை நம்புவது வேறு.

இனி நம் யந்திரத்துக்கு வருகிறேன். இதை உருவாக்கியதில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்தாபனத்தில் பணிபுரிந்த நம் எழுத்தாளர் சுஜாதாவுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பது நேயர்கள் அறிந்ததே. 1982-இல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் ஐம்பது சாவடிகளில் முதலில் வெள்ளோட்டம் விடப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சுப்ரீம் கோர்ட் 1984-இல் சொன்னதால், பிறகு சட்டம் திருத்தப்பட்டது. 2004 முதல் மக்களவைத் தேர்தல் முழுவதும் இதில்தான் நடக்கிறது. இது ஒல்லாந்தர் யந்திரத்தைக் காட்டிலும் எளிமையானது என்பதையும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய, கட்டுக்கட்டாக முத்திரை குத்திப் போட்ட பழைய அக்கிரமங்களை, நிமிஷத்துக்குச் சில வாக்குகளுக்கு மேல் ஏற்க மறுக்கும் இதன் சுபாவம் பெரிதும் தடுத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதம் பரிசுத்தமானது என்று நான் வாதிக்க வரவில்லை.

ஆயினும் 2010-இல் ஹைதராபாத் ஹரிபிரசாத், அமெரிக்காவிலிருந்து ஹால்டர்மன், முன்பு சொன்ன அதே கோங்க்ரைப் ஆகிய கம்ப்யூட்டர் நிபுணர்கள் நம் யந்திரம் ஒன்றை ஆராய்ந்தார்கள். முடிவைக் காட்டும் பலகையை எடுத்துவிட்டு, பார்வைக்கு அதேபோன்ற, செல்பேசியின் கட்டளைப்படி பொய்த் தொகை காட்டும் பலகையைப் பொருத்த முடியும் என்று செய்து காட்டினார்கள். அதற்கு யந்திரம் கையில் கிடைக்க வேண்டும்; நம் முத்திரைகளும் காவலும் அதைத் தடுக்கும் என்றது தேர்தல் கமிஷன். அந்த ஆண்டு ஆகஸ்டில், யந்திரம் களவு போன வழக்கில் ஹரிபிரசாத் கைது செய்யப்பட்டார். யந்திரம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பது போலீஸ் விசாரிக்க வேண்டிய விஷயமாக இருக்கலாம். பூட்டில் பழுது என்று காட்டியவரைப் பிடித்து வைப்பதனால் பூட்டின் பழுது நீங்குவதில்லை.

பழுது நீங்க வழி வேறு திசையிலிருந்து வந்தது. 2013-இல் சுப்ரீம் கோர்ட், வாக்காளர் தம் தேர்வைக் கண்ணால் பார்க்கும்படி காகிதச் சீட்டு அச்சாக வேண்டும் என்றது. சின்னம் அச்சான அந்தச் சீட்டு ஏழு வினாடி கண்ணாடிக்குப் பின்னே நின்றுவிட்டுப் பெட்டிக்குள் விழுவதை இன்று நீங்கள் எல்லோரும் பார்க்கிறீர்கள். யந்திரத்துக்கு வெளியே, யந்திரத்தால் பிறகு திருத்த முடியாத ஒரு சாட்சி அது. ஆனால் சாட்சி இருந்தால் மட்டும் போதாது, அதைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். 2019 முதல், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகள் மட்டுமே எண்ணப்படுகின்றன. எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் கோர்ட் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் கேட்டால், நூற்றுக்கு ஐந்து யந்திரங்களின் உட்சில்லுகளை எஞ்சினியர்கள் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு வழியைத் திறந்துவிட்டது.

ஒரு லட்சம் வாக்கு வித்தியாசத்துக்கும் ஐந்து சாவடி, நூறு வாக்கு வித்தியாசத்துக்கும் ஐந்து சாவடி என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2017 முதல் கையாளும் முறையில், வித்தியாசம் பெரிதானால் சில சீட்டுகளையும், நெருக்கமானால் மேன்மேலும் அதிகமான சீட்டுகளையும், ஐயம் தீராவிட்டால் முழுவதையுமே கையால் பார்க்கிறார்கள். எந்தச் சீட்டுகளைப் பார்ப்பது என்பதைக் கம்ப்யூட்டர் ஒன்றே இரகசியமாகத் தீர்மானித்துவிடாதபடி, அதற்கு ஆதாரமான எண்ணைப் பொது மக்கள் முன்னிலையில் பத்துப் பக்கப் பகடையை இருபது முறை உருட்டி எடுக்கிறார்கள். நம் ஊரில் எண்ணிக்கை நாளில் அறிவிப்பு சில மணி நேரம் தாமதமாகும் என்பதைத் தவிர, இம்முறையை நாம் கைக்கொள்வதற்கு இடையூறாக வேறு எதையும் நான் காணவில்லை.