பழைய காரும் கையிலுள்ள காசும்



ஸ்ரீரங்கத்திலும் உறையூரிலும் சில வீட்டு வாசல்களில் தாத்தா ஓட்டிய கார் தார்ப்பாய்க்குள் நிற்கும். அது ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருக்கலாம். 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் சேர்ந்தே முன்பக்கம் சாயும். மெக்கானிக் டயரை ஒட்டி நின்றே வேலை பார்க்கலாம்.

அதை ஓடவைக்க ஆசை இருக்கிறது, பணம் குறைவு. அப்படியானால் முதல் கவனம் ஆர்சி புத்தகத்தில். பழைய வீடு வாங்குபவர் வெள்ளையடிக்கும் முன் பத்திரத்தைப் பார்ப்பார் அல்லவா? அதுபோலத்தான்.

50 வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த விதியில் பதிந்த வண்டி கண்காட்சி, கார் ராலி போன்றவற்றுக்குத்தான். தினசரி ஓட்டத்துக்கு அல்ல.

ஆர்சி சரியானதும் துரு. அடுத்து பிரேக். பிறகு இன்ஜின். பெயின்ட் கடைசி.

ஹெரால்டில் சேஸி தனி, பாடி தனி, போல்ட்டால் இணைத்தவை. அதனால் கதவு இந்த மாதம், மட்கார்டு தீபாவளி போனஸில் என்று பிரித்துப் பிரித்துச் செய்யலாம். காவிரிக்கரை ஈரத்தில் துரு காத்திருக்காது. அதை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.